பன்னீர் குடித்த கார்

கார் விக்குவதைக் கேட்டிருக்கிறீர்களா? நாலு சிலிண்டரில் ஒன்று படுத்துவிட்டால் இஞ்சின் நிற்காது, நொண்டும். டுபு டுபு டுபு என்று வந்து ஒரு இடத்தில் ‘ப்பூ’ என்று விழும். வண்டி முழுக்க உதறும். என் காக்கா, அதாவது அண்ணன், மாப்பிள்ளையாகப் புறப்பட்ட அன்று, அதுவும் ஊரே வாசலில் நிற்கும்போது, எங்கள் கார் அப்படித்தான் விக்கியது.

எண்பதுகளின் தொடக்கம். வாப்பா கல்முனைக்குடியில் வாடகைக்குக் கார் விட்டு ஹயர் ஓடினார். பழைய இங்கிலாந்துக் கார். நெல் மூட்டை, கருவாட்டுக் கூடை, ஆஸ்பத்திரிக்குப் போகும் பிள்ளைத்தாய்ச்சி, எல்லாம் ஏறி இறங்கிய பின்சீட்டு. இடது கதவை உதைத்தால்தான் பூட்டும்.

எங்கள் பக்கத்தில் கல்யாணம் முடித்தால் ஆண்தான் பெண் வீட்டுக்குப் போய் இருக்க வேண்டும். காக்காவுக்கு அட்டாளைச்சேனையில் கல்வீடே காத்திருந்தது. வாப்பா ஒன்றில் மட்டும் பிடிவாதமாக நின்றார்.

“வீடு அவங்கட. கட்டில் அவங்கட. என்ட மகன் போற காராவது என்ட காரா இரிக்கட்டும்.”

பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு வந்து, பொனட்டைத் திறந்து தண்ணீர், ஒயில் எல்லாம் பார்த்தார். திறந்தபடியே விட்டுவிட்டு உடுப்பு மாற்ற உள்ளே போனார். அதற்குள் பெண்ணின் தம்பி மாப்பிள்ளையை அழைத்துப் போக வந்து இறங்கினார். புத்தம்புது ஜப்பான் கார். காகிதப் பூ ஒட்டிய எங்கள் கார் அதற்குப் பக்கத்தில் சுன்னத்துச் செய்த பையன் மாதிரி நின்றது.

காக்கா ஏறினார். வாப்பா ஸ்டார்ட் எடுத்தார். டுபு டுபு... ப்பூ.

“மச்சான், எங்கட காரில ஏறுங்களன். கெசட்டும் இரிக்கி, பாட்டுக் கேட்டுக்கிட்டுப் போவம்” என்றார் பெண்ணின் தம்பி. நல்ல மனதோடுதான் சொன்னார். ஆனால் வாப்பாவின் முகம் போன போக்கு!

வெள்ளைச் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு இறங்கினார். இஞ்சின் ஓடும்போதே பிளக் வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தார். கழற்றும்போது சத்தம் இன்னும் விழுந்தால் அந்தச் சிலிண்டருக்கு உயிர் இருக்கிறது. முதலாவதில் விழுந்தது. இரண்டாவதிலும் விழுந்தது. மூன்றாவதைக் கழற்றினார். அதே நொண்டல், மாற்றமே இல்லை.

“இவருதான் மௌத்து.”

புதுப் பிளக் போட்டோம். அதே ‘ப்பூ’. நான் அப்போதுதான் ஏ.எல். பாஸாகி கெம்பசுக்குக் காத்திருந்தவன். பௌதிகம் நுனிநாக்கில் நின்றது.

“பிளக்கில பிழை இல்ல வாப்பா. கரண்ட் வார வழியிலதான். கரண்டப் பிரிச்சுக் குடுக்கிற டிஸ்ரிபியூட்டர் மூடியக் கழட்டுவம்.”

“கழட்டன். வாயால கழட்டப் போறியா?”

கழற்றினேன். பெற்றோல் மணக்க வேண்டிய இடத்தில் கமகமவென்று றோசாப்பூ வாசம். மூடிக்குள் முத்து முத்தாக ஈரம்.

எல்லோரும் திரும்பி மாமியைப் பார்த்தோம். வாப்பாவின் தங்கச்சி. கையில் பன்னீர்ச் செம்பு.

“என்னையேன் பாக்கிறயள்? பொனட் தொறந்து கெடந்திச்சு. மாப்பிள்ளைக்குத் தெளிக்கிற பன்னீரை, அவரைக் கொண்டு போற இஞ்சினுக்குத் தெளிச்சா பறக்கத்துத்தானே, நல்லது கூடும்!”

“நீ தெளிக்கல்ல புள்ள. குளிப்பாட்டி இரிக்காய்!” என்றார் வாப்பா.

வாசலில் சிரிப்பு. காக்கா இறங்கிவந்து, ஈரத்தைத் துடைக்கத் தன் பட்டுக் கைலேஞ்சியை நீட்டினார். மாப்பிள்ளைக்கென்று வாங்கிய லேஞ்சி, கறுத்துப்போய்த் திரும்பியது. மாமி சும்மா இருப்பாரா? சாம்பிராணிச் சட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்.

“சட்டியக் காருக்குக் கிட்டக் கொண்டராத! பெற்றோல்!” வாப்பா கத்தினார்.

மாமி வேலியோரம் குந்தி, தணலுக்கு மேலே மூடியை அப்பளம் சுடுவதுபோலத் திருப்பித் திருப்பிக் காய வைத்தார். பூட்டினோம். வாப்பா பிஸ்மி சொல்லித் திருகினார். டுபு டுபு டுபு டுபு. ஒரு சொட்டு விக்கல் இல்லை.

பின்சீட்டில் இருக்க வேண்டிய மாப்பிள்ளை முன்சீட்டில், வாப்பாவுக்குப் பக்கத்தில் போய் இருந்துகொண்டார். யார் சொல்லியும் இறங்கவில்லை. பெண்ணின் தம்பி ஜப்பான் காரைப் பின்னால் வரச்சொல்லிவிட்டு, எங்கள் இடது கதவை உதைத்துப் பூட்டிக்கொண்டு ஏறினார். சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், எல்லாம் தாண்டினோம். வாப்பா ரோட்டைப் பார்க்கவில்லை, சத்தத்தைத்தான் கேட்டுக்கொண்டு போனார்.

திரும்பி வரும்போது காரில் நானும் அவரும்தான். பன்னீரும் சாம்பிராணியும் இன்னும் மணத்தன. நிந்தவூரில் வாப்பா வாய் திறந்தார்.

“இனி விக்கினா விக்கட்டும்.”

அது விக்கவில்லை.

காக்கா இப்போதும் அட்டாளைச்சேனையில்தான் இருக்கிறார். கார் எங்கள் முற்றத்தில் நிற்கிறது, மூன்றாவது பிளக் இல்லாமல். அது காக்காவிடம் இருக்கிறது.