பேர் வெட்டிய கைக்கடிகாரம்

என் அக்கா ஆனந்தவல்லியின் புருஷர் ஜம்புநாதன் புனேக்கு வந்து வெகுகாலம் ஆகிறது. இத்தனை காலத்தில் அவர் வீட்டிலிருந்து ஒரு கரண்டிகூடக் காணாமல் போனதில்லை. போகவும் முடியாது. ஔந்தில் அவருடைய ஃபிளாட்டில் தம்ளர், டவரா, குக்கர் மூடி, ஜல்லிக்கரண்டி என்று எதைத் திருப்பினாலும் 'ஜே. ஜம்புநாதன், ஔந்த்' என்று இங்கிலீஷ் எழுத்தில் வெட்டியிருக்கும். ஒருநாள் காப்பி போடும்போது சந்தேகப்பட்டு இடுக்கியைத் திருப்பிப் பார்த்தேன். அதிலும் இருந்தது.

இதற்கெல்லாம் காரணம் ஒரு தூக்கு. அவர்கள் குடிவந்த புதிதில் ஃபிளாட் சொஸைட்டி கணபதி உற்சவத்துக்கு அக்கா சர்க்கரைப் பொங்கல் பண்ணித் தூக்கில் போட்டு அனுப்பினாள். பொங்கல் தீர்ந்தது. திரும்பி வந்தது யாருடையதோ நசுங்கின தூக்கு. அன்றைக்குப் பிடித்தது அத்திம்பேரைச் சனியன். "மாறிடும்டா கிட்டு! கண்ணை அந்தண்டை திருப்பினா எல்லாம் மாறிடும்" என்று ஆரம்பித்தவர் இன்னும் நிறுத்தவில்லை. கோவிலுக்குப் போனால் ஒரு செருப்பை வாசலிலும் இன்னொன்றைத் தூணுக்குப் பின்னாலும் விடுகிற மனுஷர் அவர்.

அப்பேர்ப்பட்டவரிடம் ஒரு ஸ்விஸ் கைக்கடிகாரம் வந்து சேர்ந்தது. கைக்காசு போட்டு வாங்கினார் என்று யாரும் தப்பாக நினைத்துவிட வேண்டாம். ஹிஞ்சேவாடியில் ஒரே கம்பெனியில் இருபது வருஷம் குப்பை கொட்டினதற்காக மேடையில் கூப்பிட்டுக் கொடுத்தார்கள். நிஜமாகவே ஒசத்தியான சரக்கு. அதன் கண்ணாடியின் மேலும் பின் மூடியின் மேலும் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாளை அவர் உரிக்கவே இல்லை. உரித்தால் கீறல் விழுமாம். வருஷக்கணக்கில் கை வேர்வை பட்டுப் பட்டுப் பின்பக்கத்துத் தாள் பழுத்து மஞ்சளாகிவிட்டது. யார் மணி கேட்டாலும், "ஸ்விஸ் பத்தே கால் காட்டறது" என்பார். நம் ஊர்க் கடிகாரம் வேறு ஏதோ காட்டும் போல.

இந்த வருஷம் அவர் பெண் ஸ்நேஹாவுக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று. பையன் ஹர்ஷா, விமான் நகர். அப்பா ஏர்ஃபோர்ஸில் இருந்து ஓய்வு பெற்றவர். அம்மா கோதை மாமிக்கு வாய் கொஞ்சம் நீளம். நிச்சயதார்த்தத்தில் மாப்பிள்ளைக்குப் பெண்ணின் அப்பா வாட்ச் கட்ட வேண்டும் என்று பேச்சு வந்ததும், அத்திம்பேர் தன் மணிக்கட்டைத் தூக்கிக் காட்டி, "இதையே கட்டறேன். இந்த மாதிரி பீஸ் இப்ப கடையிலயே கிடைக்காது" என்று சம்பந்தியிடம் அறிவித்துவிட்டார். அக்காவுக்கு முகம் சுருங்கிவிட்டது.

"ஏன்னா, மாப்பிள்ளைக்குப் போட்டுண்டதையா குடுப்பா? புதுசா ஒண்ணு வாங்கினா குறைஞ்சா போயிடுவேள்?"

"நீ சும்மா இரு. தாளே உரிக்கலை, இது புதுசு இல்லாம வேறென்ன?"

ஞாயிற்றுக்கிழமை நிச்சயதார்த்தம். புதன்கிழமை காலையில் ஸ்விஸ் நின்றுவிட்டது.

பேட்டரி தீர்ந்துபோனதைத் தவிர அதற்கு ஒரு கேடும் இல்லை. ஆனால் நின்ற கடிகாரத்தை மாப்பிள்ளை கையில் கட்டினால் சம்பந்தி வீட்டில் என்ன சொல்வார்கள்? அபசகுனம் என்று ஆரம்பித்தால் கல்யாணம் வரை ஓயாது. புதிது வாங்கலாம் என்றால், வீறாப்பாகப் பேசிவிட்ட வாய் விடாது. பதறிப்போய் எனக்குப் போன் செய்தார். அவர் ஸ்கூட்டரின் பின்னால் என்னை ஏற்றிக்கொண்டு விமான் நகரில் இருக்கும் சர்வீஸ் கடைக்குப் போனார்.

கவுன்டரில் வைஜயந்தி என்று பேர்ப் பட்டை குத்தியிருந்த பெண் கடிகாரத்தைக் கையில் வாங்கிப் பார்த்து, இரண்டு மணி நேரம் கழித்து வரச் சொன்னாள். அத்திம்பேர் நகரவில்லை. உள்ளே எடுத்துப் போகக்கூடாது, என் கண் முன்னால்தான் திறக்க வேண்டும் என்று பிடிவாதம். தூசி படக்கூடாது, உள் அறையில்தான் திறப்போம், வாடிக்கையாளர்களை உள்ளே விடுவதில்லை என்று அவள் பொறுமையாகச் சொன்னாள்.

"உள்ள போய் மெஷினை மாத்திட்டான்னா?" என்று அவர் தமிழில் என் காதில் கத்தினார். பிறகு அதையே ஹிந்தியில் அவளிடம் கேட்டார்.

"காகா, நாங்க ஏன் மாத்தப் போறோம்?" என்று சித்தப்பா முறை வைத்து அவளும் ஹிந்தியில் சிரித்தாள். அந்தச் சிரிப்பு போதாதா? வெடுக்கென்று கடிகாரத்தைப் பிடுங்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டார். சிரிக்கிறவர்கள் எல்லாம் மாற்றுகிறவர்கள் என்பது அவர் கட்சி.

ஔந்தில் தெருவோரம் ஒருவர் எதிரிலேயே திறந்து போட்டுத் தருகிறேன் என்றார். அது இவருக்கு ஒத்துவரவில்லை. ஸ்விஸ்ஸைத் தெருவில் திறப்பதாவது! வெள்ளிக்கிழமை வரை கடிகாரம் அவர் கையில் செத்துக் கிடந்தது. சனிக்கிழமை காலையில் மறுபடி போன். குரலில் ஒரு குதூகலம். "கிட்டு, வழி பிடிச்சுட்டேண்டா!"

வழி எங்கே போயிற்று என்றால், துளசிபாக் பாத்திரக் கடைக்கு.

வீட்டுப் பாத்திரத்துக்கெல்லாம் பேர் வெட்டித் தருகிற கடை அது. கல்லாவில் இருந்தவர் இவரைப் பார்த்ததும் மிஷினைத் தயாராக எடுத்து வைத்தார். அத்திம்பேர் பையிலிருந்து தம்ளரை எடுப்பார் என்று அவர் நினைத்திருக்க வேண்டும். கடிகாரம் வந்ததும் என்னைப் பார்த்தார். நான் தெருவைப் பார்த்தேன்.

"அத்திம்பேர், உள்ள இருக்கற மெஷினைத்தானே மாத்துவான்னு பயப்படறேள்? மூடியில பேர் வெட்டி என்ன பிரயோஜனம்?"

"பேரைப் பார்த்தா கை வைக்க யோசிப்பாண்டா."

"நாளைக்கு மாப்பிள்ளைக்குக் கட்டப் போறது!"

"அதனால என்ன? குடுக்கறவா பேர் போடறது நம்மாத்துல வழக்கம்தானே. உன் கல்யாணத்துக்கு வந்த குடத்துல பேர் இல்லையோ?"

இதற்குமேல் இந்த மனுஷரிடம் என்ன பேசுவது? முட்டிக்கொள்ளச் சுவர்கூடப் பக்கத்தில் இல்லை. மஞ்சள் தாளை நகத்தால் மெல்ல உரித்துச் சட்டைப் பையில் பத்திரப்படுத்தினார். சுவிட்சர்லாந்தில் யாரோ கண்ணாடி மாதிரி தேய்த்து அனுப்பிய மூடியின் மேல் ஊசி கிர்ரென்று ஓடியது. ஜே. ஜம்புநாதன், ஔந்த். குக்கர் மூடியில் இருக்கும் அதே கோணல் எழுத்து. அதன் மேல் தாளைப் பழையபடி ஒட்டித் தடவிக்கொடுத்தார்.

அங்கிருந்து நேரே விமான் நகர். பேட்டரி மாற்றக் கொடுத்துவிட்டு அந்த இரண்டு மணி நேரமும் கதவையே முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வைஜயந்தி திருப்பித் தந்தபோது கடிகாரம் ஓடியது, அவர் கேட்டுக்கொண்டபடி தாளும் ஒட்டியிருந்தது. அவள் முகத்தில் மட்டும் ஒரு தினுசான இரக்கம் இருந்தது. "பார்த்தியா? பேர் இருந்தது, மாத்தலை!" என்று படி இறங்கும்போது என் தோளில் அடித்தார்.

ஞாயிற்றுக்கிழமை லக்னப் பத்திரிகை வாசித்து முடிந்ததும் மாப்பிள்ளையை மணையில் உட்காரவைத்து அத்திம்பேர் வாட்ச் கட்டினார். நாலு பேர் போட்டோ எடுத்தார்கள். ஹர்ஷா நல்ல பையன். கூச்சத்தோடு கும்பிட்டான். சங்கிலி தொளதொளவென்று இருந்ததால் கழற்றிக் கையில் வைத்துப் பார்த்தவன், இந்தக் காலத்துப் பையன் யாராக இருந்தாலும் செய்கிற காரியத்தைச் செய்தான். முன்னால் இருந்த தாளை உரித்தான். திருப்பினான். பின்னால் இருந்ததையும் உரித்தான்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த கோதை மாமி எட்டிப் பார்த்து, கூடம் முழுக்கக் கேட்கும்படி வாசித்தாள். "ஜே. ஜம்புநாதன், ஔந்த். ஏன் மாமா, ஃபிளாட் நம்பரை விட்டுட்டேளே? தொலைஞ்சு போனா எடுத்தவன் எந்த ஆத்துல கொண்டு வந்து குடுப்பான்?"

சிரிப்பு கிளம்பிச் சமையல்கட்டு வரை போயிற்று. அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். அத்திம்பேர், "இல்ல, மாறிடக்கூடாதேன்னு..." என்று இழுத்தார்.

"அப்பா."

ஸ்நேஹா பேசினாள். புனேயில் பிறந்த பெண், தமிழ் தடுக்கித் தடுக்கித்தான் வரும். அன்றைக்குத் தடுக்கவில்லை.

"என்னையும்தானே குடுக்கப் போறேள். எனக்கு எங்க வெட்டப் போறேள்?"

சிரித்துக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டார்கள். அத்திம்பேர் கண் கலங்கி நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. எனக்கே ஐயோ பாவம் என்றாகிவிட்டது, ஆனாலும் நன்றாக வேண்டும் என்றும் தோன்றியது.

ஸ்நேஹா ஹர்ஷாவிடம் கையை நீட்டி, "போதும், இது எனக்கு" என்று கடிகாரத்தை வாங்கித் தன் மணிக்கட்டில் மாட்டிக்கொண்டாள். முழங்கை வரை வழுக்கிக்கொண்டு போயிற்று. "எங்கப்பா பேர் போட்டிருக்கு. நான்தான் கட்டிப்பேன். ஹர்ஷாவுக்குப் புதுசு வாங்கித் தாங்கோப்பா. இன்னிக்கே."



சாப்பாடு முடிந்ததும் அத்திம்பேர் என்னைப் பின்னால் ஏற்றிக்கொண்டு ஸ்கூட்டரை எடுத்தார். லக்ஷ்மி ரோடில் ஒரு பெரிய கடையில், விலைச் சீட்டைத் திருப்பிக்கூடப் பார்க்காமல், நல்ல கடிகாரமாக ஒன்று எடுத்தார். தாளை உரிக்கட்டுமா என்று கடைக்காரர் கேட்டதற்கு, உரி என்று சொன்னார். மனுஷர் திருந்திவிட்டார் என்றே நினைத்தேன். வருகிற வழியில் துளசிபாக் திருப்பம் வந்தது. ஸ்கூட்டர் தானாக வேகம் குறைந்து இடதுபக்கம் ஒதுங்கியது.

முதுகில் ஓங்கி ஒரு குத்து விட்டேன். வண்டி நேரே போயிற்று.