அடுத்த கப்பலில் வரும் காஸ்

எங்கள் வீட்டுக்குக் கார் வருவதற்கு முன்பே, காருக்குப் பின்னால் கட்டி இழுக்கிற வண்டி வந்துவிட்டது. கார் கடைசி வரை வரவேயில்லை என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

அப்பா ஒரு பிரெஞ்சுக்காரத் துரை வீட்டில் சமைக்கும் குசினிக்காரர். எங்கள் ஊரில் துரை என்றால் முசே, துரைசானி என்றால் மதாம். புதுச்சேரியில் பிரெஞ்சுக் கொடி இறங்கி நம் கொடி ஏறிய அடுத்த வருஷம் முசேவும் மதாமும் ஊருக்குக் கப்பலேறினார்கள். காரை விற்றார்கள், நாயைக் கூடவே கொண்டுபோனார்கள், அத்தனை வருஷம் சமைத்துப் போட்ட அப்பாவுக்கு அந்த வண்டியைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். இரண்டு சக்கரம், மேலே ஒரு தகரப் பெட்டி. மூடியைத் திறந்தால் வரிசையாக இரும்புக் கம்பிகள், அதற்கடியில் துளை போட்ட குழாய், பக்கவாட்டில் ஒரு காஸ் புட்டி. முசே குடும்பம் கடலோரத்தில் கூடாரம் அடித்துத் தங்கும் நாட்களில் அப்பா அதில்தான் கறி சுடுவார். விறகு வேண்டாம், ஊதுகுழல் வேண்டாம். திருகிவிட்டுக் குச்சியைக் கிழித்து நீட்டினால் நெருப்பு. உப்பளம் பேட்டையில் எங்கள் தெரு முழுக்க வந்து பார்த்துவிட்டுப் போனது.

பார்த்தவர்கள் யாரும் வேலை கொடுக்கவில்லை. முசேக்கள் இருந்த வீடுகள் பூட்டிக் கிடந்தன. புதிதாகக் குடிவந்தவர்களுக்குச் சாம்பார் வைக்க அவரவர் பெண்டாட்டியே போதும். வீட்டில் ஒருவேளை கஞ்சி என்று ஆகிவிட்ட சமயத்தில், மதராஸிலிருந்து மாற்றலாகி வந்த ஓர் அதிகாரியைப் பற்றி அவருடைய பியூன் வந்து சொன்னார். அவர் ஜீப்பில் கிராமம் கிராமமாகக் கேம்ப் போகிறவராம், கூடவே வந்து சமைக்க ஆள் தேடுகிறாராம். அப்பாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஜீப்புக்குப் பின்னால் இந்த வண்டியைக் கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போவதை அவர் அப்போதே மனசுக்குள் பார்த்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு வீராம்பட்டினம் சவுக்குத் தோப்புக்கு வந்து ஒருவேளை சாப்பிட்டுப் பார்க்கும்படி சொல்லி அனுப்பினார். வருவதாகப் பதிலும் வந்தது.

காஸ்தான் பிரச்சினை. முசே விட்டுப்போன புட்டியில் எவ்வளவு மிச்சமோ அவ்வளவுதான். ஊரில் வேறு யாரிடமும் கிடையாது. அப்பா அதைக் குழந்தையைத் தூக்குவது போலத் தூக்கி, ஆட்டி, காதில் வைத்துப் பார்ப்பார்.

“தீந்துட்டா என்னா பண்ணுவ?” என்று அம்மா கேட்கும்போதெல்லாம், “அடுத்த கப்பல்ல வரும்” என்பார். அவர் சொன்ன தோரணையில் எனக்கு அந்தக் கப்பலையே பார்த்தது போல இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் அப்பா, அம்மாவின் இரண்டு கோழிகளையும் அறுத்தார். இரண்டும் முட்டையிட்டுக்கொண்டிருந்தவை. அம்மா இறகு பிடுங்கினாள்.  வாடகை மாட்டுவண்டியின் பின்னால் எங்கள் வண்டியைக் கயிற்றால் கட்டிக்கொண்டு கிளம்பினோம். முதலியார்பேட்டை வழியாகப் போகும்போது, கொசு மருந்து அடிக்க வந்திருக்கிறோம் என்று நினைத்து ஒரு பெண்பிள்ளை கொல்லைப் பக்கம் கூப்பிட்டாள். அப்பாவோ முசே கொடுத்த வெள்ளைக் கோட்டைப் போட்டுக்கொண்டு, நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

கம்பி நன்றாகக் காய்ந்த பிறகுதான் கறியை வைக்க வேண்டும், ஆள் வந்து உட்காரும் நேரத்துக்குக் கறி சொய்யென்று சத்தம் போட வேண்டும், இது முசே வீட்டுச் சட்டம். முசே பதினோரு மணி என்றால் பதினோரு மணிக்கு வந்து நிற்பார். அப்பாவின் உலகத்தில் பெரிய மனிதர்கள் எல்லோரும் அப்படித்தான். அதனால் பத்தரைக்கே அடுப்பைப் பற்றவைத்துவிட்டார். பதினோரு மணிக்கு யாரும் வரவில்லை. அணைத்தார். ரோட்டில் ஏதோ வண்டிச் சத்தம் கேட்டது, பற்றவைத்தார். அது பஸ். மறுபடி அணைத்தார். இப்படியே லாரிக்கு ஒருமுறை, இன்னொரு பஸ்ஸுக்கு ஒருமுறை, யாரோ ஒருவருடைய மோட்டார் சைக்கிளுக்கு ஒருமுறை. வெயில் உச்சிக்கு ஏறி மேற்கே சாய்ந்தது. மசாலா தடவிய கோழியை ஈ மொய்க்காமல் அம்மா முந்தானையால் விசிறிக்கொண்டே இருந்தாள்.

“ரெண்டு சவுக்கு மிலாறப் பொறுக்கிக் கொளுத்தினா வெந்துட்டுப் போவுது. அதுக்குப் போயி ஏன் இந்தப் பாடு?” என்றாள்.

“வெறவுல ஊரே சமைக்குது. அதுக்கு என்னை எதுக்குக் கூப்புடணும்?” என்றார் அப்பா.

நெருப்பு நீலத்திலிருந்து மஞ்சளாகி, குழாயின் ஓரத்தில் மட்டும் ஒட்டிக்கொண்டு, பிறகு அதுவும் போயிற்று. அப்பா புட்டியைத் தூக்கி ஆட்டினார், கவிழ்த்தார், மடியில் வைத்துக்கொண்டு மணலில் உட்கார்ந்துவிட்டார். அதற்குப் பிறகுதான் ஜீப் வந்தது.

அதிகாரி நல்ல மனிதர், அதுதான் கொடுமை. கோபித்திருந்தால் அப்பாவும் நாலு நாள் அவரைத் திட்டியிருப்பார். “மச்சினன் வீட்ல சாப்டுட்டேம்பா, தப்பா நெனச்சுக்காத” என்றார். வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்து ஆசையாகப் பார்த்தார், மூடியைத் திறந்து திறந்து மூடினார். பிறகு, “இதுக்கு காஸ் எங்க கெடைக்கும்?” என்று கேட்டார்.

அப்பா வாயைத் திறந்தார்.  பாடம் தெரிந்த பிள்ளை கை தூக்குவது போல நான் முன்னால் வந்து, “அடுத்த கப்பல்ல வரும்!” என்று கத்தினேன்.

அதிகாரி சிரித்து என் கன்னத்தைத் தட்டினார். “அப்ப கப்பல் வந்ததும் சொல்லி அனுப்புப்பா” என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார். நான் அப்பாவின் முகத்தைப் பார்த்தேன். சபாஷ் சொல்வார் என்று காத்திருந்தேன். அவர் ஜீப் போன வழியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அம்மாதான் மணலில் குழி பறித்து, சவுக்கு மிலாறு மூட்டி, கோழியைச் சுட்டாள். அப்படி ஒரு ருசியை அதற்குப் பிறகு நான் கண்டதில்லை. இரண்டு கோழியில் முக்கால்வாசியை நானே தின்றிருப்பேன். அப்பா ஒரு துண்டும் தொடவில்லை.

அவர் அதற்குப் பிறகு யாருக்கும் சமைக்கவில்லை. பஞ்சாலையில் மூட்டை தூக்கினார், முதுகு ஒடியும் வரை தூக்கினார். அன்று சாயங்காலம் இதெல்லாம் எனக்கு எங்கே தெரியும்?

வீட்டுக்கு வந்ததும் அப்பா வண்டியைக் கிணற்றடியில் நிறுத்தினார். சாம்பலும் எலுமிச்சை மூடியும் வைத்து ஒவ்வொரு கம்பியாகத் தேய்த்தார். தண்ணீர் விட்டு அலம்பி, துணியில் எண்ணெய் தொட்டுத் துடைத்தார். காலிப் புட்டியைக்கூடத் துடைத்தார். அம்மா வாசற்படியில் உட்கார்ந்து அழுதாள். கோழிக்காக அழுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன். அப்பா இவ்வளவு பார்த்துப் பார்த்துத் தேய்க்கிறார் என்றால் கப்பல் நாளைக்கே வந்துவிடும் என்று எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இனி எதற்கும் ஆகாது என்று தெரிந்த பிறகும் ஒன்றை இப்படிக் கழுவித் துடைப்பார்கள் என்பது, அப்பாவின் உடலைக் கிடத்திக் குளிப்பாட்டிய நாள் வரை எனக்குத் தெரியாது.