பனிக்குள்ள வீடு விக்கப் போனவன்

வீடு விக்கிற தொழிலில வீட்டைத் தவிர மற்ற எல்லாம் கெதியா வித்துப்போகும்: சிரிப்பு, மானம், மனுசியின்ர பொறுமை. ரொறன்ரோவில ஒரு ஏஜென்ற் இல்லாத தமிழ்க் குடும்பத்தை நான் காணேல்லை. அதால என்னைப்போல மாட்டுப்பட்டவைக்கும், எங்களிட்ட மாட்டுப்பட்டவைக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுறன். மார்க்கெட் விழுந்த நாளில இருந்து என்ர கையால ஒரு வீடும் போகேல்லை. "பனி கரையிறதுக்குள்ள ஒண்டெண்டாலும் வித்துக் காட்டுங்கோ. இல்லாட்டி அண்ணான்ர பாக்டரிக்குப் போங்கோ" எண்டு மனுசி தீர்ப்புச் சொல்லிப்போட்டா. அவவின்ர அண்ணன் அங்க சூப்பர்வைசர். கலியாண வீடுகளில நான் கோட்டும் சூட்டுமாய் நிண்டு அவனுக்குப் புத்தி சொன்னனான். அவனுக்குக் கீழ பெட்டி அடுக்கிறதை நினைச்சாலே எனக்குக் காய்ச்சல் வரும்.

ரோல்ஸ் தீர்ந்த ஓப்பன் ஹவுஸ்

கொட்டுற பனியில ஸ்காபரோவில ஒரு வீட்டில, ஆரும் வந்து சுத்திப் பார்க்கலாமெண்டு ஓப்பன் ஹவுஸ் வைச்சன். சனத்தை இழுக்க மட்டன் ரோல்ஸ், பற்றிஸ், இஞ்சி போட்ட பிளேன்ரீ. கதவைத் திறந்ததுதான் தாமதம், சப்பாத்துக் கழட்ட இடமில்லை. எனக்கெண்டால் புழுகம் தாங்கேல்லை. மேல அறை, கீழ பேஸ்மென்ற் எண்டு ஓடி ஓடிக் கூப்பிடுறன், ஒருத்தரும் குசினி மேசையை விட்டு அரக்கினமில்லை.

பிறகுதான் விசயம் விளங்கிச்சுது. சந்தியில இருந்த ரேக்-அவுட் சாப்பாட்டுக் கடையை அந்தக் கிழமைதான் பூட்டினவையாம். சனம் பின்னேரத் தேத்தண்ணிக்கு அந்தரிச்சுப்போய் வந்திருக்கு. வெளிக்கிடேக்க ஒரு அன்ரி என்ர கையைப் பிடிச்சுச் சொன்னா: "வீடு நல்ல வடிவு தம்பி. அடுத்த கிழமை எந்த வீட்டில வைக்கிறீங்கள்? உறைப்பை மட்டும் கொஞ்சம் கூட்டச் சொல்லுங்கோ."

வாங்கில இருந்த முகம்

குளிருக்கு என்ர கார் ஸ்ரார்ட் வராமல் செத்துப்போச்சு. தொப்பியும் சால்வையுமாய் மூக்கு மட்டும் தெரிய பஸ்ஸுக்கு நிண்டன். அந்தத் தரிப்பிட வாங்கின்ர சாய்மானத்தில என்ர விளம்பரம் ஒட்டியிருக்கு, தலைமயிர் இருந்த காலத்துப் படம். ஒரு வயசான அண்ணை வந்து, பனியைத் தட்டிப்போட்டு, சரியா என்ர மூஞ்சையில முதுகைச் சாய்ச்சு இருந்தார்.

பஸ் வாற பாடில்லை. கால் விறைச்சுப்போச்சு. நேரம் போகோணுமே எண்டு, "அண்ணை, உந்தப் படத்தில இருக்கிற ஆள் எப்பிடி, நல்லா வீடு விப்பாரோ?" எண்டு கேட்டன். அவர் திரும்பி என்ர படத்தை வடிவாப் பார்த்தார். "உவையெல்லாம் கார்காரர் தம்பி. எங்களைப்போல பஸ்ஸுக்கு நிண்டு விறைக்கிறவைக்கு உவை எங்க வீடு காட்டப் போகினம்?"

உண்மையா மூடுற கடை

எங்கட பிளாசாவில ஒரு சாறிக்கடை. முதலாளி அக்கா வருசா வருசம் "கடை மூடுகிறோம், மலிவு விற்பனை" எண்டு பலகை தூக்கி, சனத்தைச் சேர்த்து, திரும்பத் திறக்கிறவ. இந்த முறை வாடகை கட்டேலாமல் உண்மையா மூடுறா. இடத்தை வேற ஆருக்காவது வாடகைக்கு எடுத்துக் குடுக்கச் சொல்லி என்னைக் கூப்பிட்டவ. அவ சாறியளை மடிச்சுப் பெட்டியில வைக்க, நான் பெட்டியளை ஒட்டிக் குடுத்தன். அந்த நேரம் ஒரு பொம்பிளை எட்டிப் பார்த்தா. "வாங்கோ, இதுதான் கடைசி நாள், மலிவா எடுங்கோ" எண்டு நான் உருக்கமாச் சொன்னன். "சும்மா போங்கோ தம்பி, ஆடி மாசம் திரும்ப மூடேக்க வந்து எடுக்கிறன்."

ஐஞ்சு மணிக்குள்ள ஒரு விரல்

கடைசியில ஒரு குடும்பம் வந்து மாட்டிச்சுது, ஒரு அங்கிளும் மகளும். அங்கிள் கன காலம் சென் ஜேம்ஸ் ரவுண் மாடிக் கட்டிடத்தில வாடகைக்கு இருந்தவர். மகளின்ர பேரிலயும் தன்ர பேரிலயும் பிக்கரிங்கில வீடு எடுக்க ஆசை. மகள் வேலைக்கு ட்ரெயினில போய் வரலாம். வீடும் பிடிச்சுப்போச்சு. விலையைக் குறைச்சுப் போட்டதால இன்னொரு ஆளும் அந்த வீட்டுக்கு நிண்டது. ஞாயிறு பின்னேரம் ஐஞ்சு மணிக்குள்ள எங்கட விலையைச் சொல்லி ஓபர் போகோணும். கையெழுத்துக்கூட வேண்டாம், போனில விரலால தட்டினால் சரி. மகள் தட்டிப்போட்டா, அப்ப நேரம் நாலே முக்கால். அங்கிள் போனைக் கையில வைச்சுக்கொண்டு சுவரைப் பார்க்கிறார்.

அவையின்ர வீட்டுச் சுவரில என்ர கலண்டர். வருசப் பிறப்புக்கு வாடிக்கையாளருக்கெண்டு ஊரில மலிவா அடிப்பிச்சு, என்ர படத்தை மட்டும் பார்த்துப்போட்டு வீடு வீடாக் குடுத்தது. "நாலரையிலயிருந்து ஆறு மட்டும் ராகு காலம். ஆறுக்குப் பிறகு போடுவம்" எண்டார். "அப்பா, ப்ளீஸ், ஜஸ்ட் சைன் இட்!" எண்டு மகள் அழாக்குறை. "அங்கிள், உது யாழ்ப்பாணத்து ராகு! அங்க இப்ப விடியப்புறம், எல்லாரும் நித்திரை!" எண்டு கெஞ்சினன். மனுசன் அசையேல்லை. ஐஞ்சு அடிச்சுது. வீடு மற்ற ஆளுக்குப் போச்சு. எனக்கு வாய்விட்டு அழோணும் போல இருந்தது. அங்கிள் என்ர தோளைத் தட்டினார்: "குறை நினைக்காதேங்கோ தம்பி. உங்கட கலண்டரை நம்பாமல் நாங்கள் வேற ஆற்ர கலண்டரை நம்புறது?"

பனி கரைஞ்சுபோச்சு, வாற திங்கக்கிழமை காலமை ஏழரைக்கு மச்சான்ர பாக்டரியில நான் வேலை தொடங்கோணும், அது அச்சொட்டாய் ராகு காலமெண்டு கலண்டரில என்ர சிரிச்ச முகத்துக்குக் கீழயே போட்டிருக்கு.