இந்தி வராத பேச்சு வைத்தியர்

என் தம்பி வாசிமுக்குப் பெண் பார்த்தபோது, அக்காக்காரி நான், "பொண்ணு என்ன படிச்சிருக்கு?" என்று கேட்டேன். "பேச்சுக்குப் படிச்சிருக்கு" என்றார் தரகர். மேலப்பாளையத்துக்காரிக்கு அதைத் தனியாக வேறு படிக்க வேண்டுமா என்று சிரித்துவிட்டேன். ஹாஃபிஸா வீட்டுக்கு வந்த பிறகுதான் விஷயம் விளங்கியது. பக்கவாதத்தில் வாய் குழறியவர்களையும் திக்குகிற பிள்ளைகளையும் பேசவைக்கிற வைத்தியமாம். நாலு வருடப் படிப்பு.

ஊரில் அந்தப் படிப்பை வைத்துக்கொண்டு அவள் ஏறாத படி இல்லை. ஓர் ஆஸ்பத்திரியில் பில் கவுண்டரில் உட்காரச் சொன்னார்கள். இன்னொன்றில், "மாசம் ரெண்டு கேஸ் வரும், வந்தா போன் பண்றோம்" என்றார்கள். போன் வரவே இல்லை. "பம்பாய்ல தடுக்கி விழுந்தா கிளினிக்குதான்" என்று சொல்லித்தான் வாசிம் அவளைக் கட்டித் தாராவிக்குக் கூட்டிவந்தான்.

அவன் சொன்னது பொய்யில்லை. தாதர், குர்லா, முலுண்ட் என்று கூப்பிட்டுக்கொண்டேதான் இருந்தார்கள். சான்றிதழைப் பார்த்து முகம் மலர்வார்கள். இவள் இந்தியில் வாயைத் திறந்ததும் அந்த முகம் சுருங்கிவிடும். "மேரா ஹஸ்பண்ட் பேக் பனாத்தி ஹை" என்பாள். 'பனாத்தா' என்பது 'பனாத்தி' ஆனதில், பை தைக்கிற என் தம்பி ஒரு நொடியில் பெண்ணாகிவிடுவான்.

ஜூன் வரைக்கும் தேடுவது, கிடைக்காவிட்டால் தெருமுனை நர்சரிப் பள்ளியில் டீச்சராகச் சேர்ந்துவிடுவது என்று இருவரும் பேசி முடித்தார்கள். அவள் சரி என்றுதான் சொன்னாள். அப்படிச் சொன்ன முகத்தைப் பார்த்து எனக்குத்தான் எரிச்சலாக வந்தது.

மே கடைசி வாரம் செம்பூரில் ஒரு கிளினிக்கில் கூப்பிட்டார்கள். அங்கே நடந்ததை அவள் சொன்னபடியே சொல்கிறேன். கிளினிக்கை நடத்துகிற ஷ்ருதி மேடம் மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்த தமிழ்க்காரர். "நன்னா படிச்சிருக்கே. ஆனா இந்தி இப்படி இருந்தா பேஷண்ட் பேச்சை யாரு சரிபண்றது?" என்று கேட்டுவிட்டார். பிறகு மனசு கேட்காமல், வந்ததற்கு ஒரு நோயாளியைப் பார்த்துவிட்டுப் போகச் சொன்னார்.

நோயாளி முகம்மது ஹனீப், தமிழ் பேசுகிற தோல் பட்டறைக்காரர். பக்கவாதம் வந்து வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. மேடம் படம் போட்ட அட்டைகளைக் காட்டித் தமிழில்தான் கேட்டார். சாவியைக் காட்டினால் "சாவி" என்றார். அடுத்தது, சோற்றுக்குப் பக்கத்தில் ஒரு கிண்ணம் குழம்பு.

"இது என்ன, சொல்லுங்கோ."

"ஆணம்."

மேடம் தாளில் பெருக்கல் குறி போட்டார். "குழம்பு. கு-ழம்-பு."

மனுஷர் தலையை ஆட்டிவிட்டு இன்னும் சத்தமாக, "ஆணம்! ஆணம்!" என்றார். இன்னொரு பெருக்கல் குறி விழுந்தது.

ஹாஃபிஸாவால் பொறுக்க முடியவில்லை. "மேடம், அவங்க சரியாத்தான் சொல்லுதாங்க. எங்க ஆளுங்க வீட்டுல குழம்புக்கு ஆணம்னுதான் பேரு."

"நெஜமாவா? அர்த்தமில்லாத சத்தம்னுன்னா எழுதிண்டிருக்கேன்!"

இவள் பெரியவர் பக்கம் திரும்பினாள். "மாமா, காலையில பசியாறியாச்சா?" காலைச் சாப்பாட்டை நாங்கள் அப்படித்தான் விசாரிப்போம்.

அவர் இவளையே பார்த்தார். "இட்லி" என்றார். கொஞ்சம் மூச்சு வாங்கி, "மீன் ஆணம்" என்றார். மேடம் பழைய தாள்களை எடுத்துப் புரட்டினார். சாப்பிடுகிற படத்துக்கு அவர் "பசியாற" என்று சொன்னதற்கும் பெருக்கல் குறிதான் போட்டிருந்தது.

வீட்டுக்கு வந்தவள் பர்தாவைக்கூடக் கழற்றாமல் என் முன்னால் உட்கார்ந்து அழுதாள். இதுவும் போச்சு போல என்று நான் நர்சரிப் பள்ளியின் பெருமைகளை எடுத்துவிட ஆரம்பித்தேன்.

"அதில்ல மைனி. பத்து நாளா அந்த மனுசர் சரியாப் பேசியிருக்காரு. எல்லாரும் தப்பு தப்புன்னு சொல்லி, அவருக்கே தன் வாய் மேல சந்தேகம் வந்துட்டு" என்றாள்.

மேடம் திங்கட்கிழமை வேலைக்கு வரச் சொன்னதை, வாசிம் வந்து கேட்ட பிறகுதான் சொன்னாள்.