நெடுவலின் கடைசிப் பாய்ச்சலைக் கேட்கப் போனது

யூரோக் காசு கைக்கு வந்த குளிர்காலம். ஊரில் சண்டை நிற்கப்போகுது என்று எல்லாரும் கதைத்துக்கொண்டிருந்தார்கள். வருஷப்பிறப்பன்று ஜேர்மனியில், வுப்பர்டாலில் நாங்கள் சமைத்த உணவகம் பூட்டு. நாலு சமையல்காரரும் ஒரே அறையில் இருந்து தொலைக்காட்சி பார்த்தோம். பனிச்சரிவில் சறுக்கி வந்து ஆகாயத்தில் பாய்கிற போட்டி. டொச் மொழி விளங்காத எங்களுக்கு வசதியான விளையாட்டு: தூரம் போனவன் வென்றவன்.

அன்றுதான் அந்த நோர்வேப் பொடியனைக் கண்டோம். பதினேழு வயது, தடி மாதிரி உடம்பு. பெயர் வாயில் நுழையவில்லை. உயரத்தைப் பார்த்து நெடுவல் என்று வைத்தோம். இரண்டு பேர் அவன் பக்கம், இரண்டு பேர் எதிர்ப்பக்கம். தோற்ற பக்கம் அன்றைய பாத்திரம் கழுவ வேண்டும்.

நானும் பக்கத்து அடுப்புக் கூட்டாளியும் நெடுவல் பக்கம். முதலில் நாங்கள்தான் கழுவினோம். பிறகு அவன் உலகச் சம்பியனானான், நாங்கள் பாத்திரத்தைத் தொடவேயில்லை. முழங்கால் முறிந்து ஒரு மாரிக்குளிர் முழுக்கக் காணாமல் போனான். திரும்பி வந்து இன்னொருதரம் வென்றான். அதன்பிறகு இளசுகள் முந்த, போட்டிக்குள் நுழைவதே அவனுக்குப் பாடாகிவிட்டது. நாற்பது தாண்டிவிட்டான், இந்த மாரியோடு விடுகிறான், வில்லிங்கனில்தான் கடைசி என்று மகள் செய்தி வாசித்துச் சொன்னாள். எனக்கு எழுத்து வராது. இதையும் நான் சொல்ல அவள்தான் எழுதுகிறாள்.

கூட்டாளிக்குச் சர்க்கரை ஏறி, சலரோகத்தால் கண் இரண்டும் போய்விட்டது. போன் எடுத்தேன்.

"மச்சான், நேரை போயிட்டு வாவன். பாத்ததைச் சொல்லவேண்டாம். அவன் பறக்கேக்கை சத்தம் வருமோ? ரீவியிலை அந்தக் கதைக்கிறவன் ஒருநாளும் வாயை மூடினதில்லை."

அதைக் கேட்கத்தான் வில்லிங்கன் போனேன். வெள்ளிக்கிழமை தகுதிச் சுற்று, சனம் குறைவு. வுப்பர்டாலில் ஏறி, ஹாகனிலும் பிரிலோன் வால்டிலும் மாற வேண்டும். பிந்தாமல் ஓடினால் மூன்று மணித்தியாலம். பலகை வாசிக்கத் தெரியாவிட்டாலும் பயமில்லை. கம்பளித் தொப்பிக் கூட்டம் இறங்குகிற இடத்தில் இறங்கினால் சரி. அங்கிருந்து மலைக்குப் பஸ் விடுகிறார்கள்.

வாசலில் கூட்டம் இரண்டாகப் பிரிந்தது. நான் ஆள் குறைந்த பக்கமாகப் போய், காட்டோரப் பாதையில் மூச்சு வாங்க ஏறிவிட்டேன். மஞ்சள் சட்டைக் காவலாளி, தாத்தா என்று டொச்சில் கூப்பிட்டு மறித்தான்.

"ஓப்பா, இங்கே நின்றால் இறங்குவது தெரியாது. திரையும் தெரியாது."

"சத்தம் கேட்குமோ?"

சிரித்தான். "இங்கே அது மட்டும்தான் கேட்கும்."

அப்படியே நின்றேன். நெடுவலின் முறை வந்தது. மேலே குறுக்குத்தடியில் இருந்தான். காற்று அடித்தது, சிவப்பு விளக்கு, எழுப்பிவிட்டார்கள். திரும்ப இருந்தான், திரும்ப எழுப்பினார்கள். காற்று விடாவிட்டால் சுற்றையே நிறுத்திவிடுவார்கள். கூட்டாளியை எடுத்த போன் என் கையில் திறந்தபடி.

"என்னடா, பாய்ஞ்சிட்டானோ?"

"இல்லை. காத்து."

"இருப்பான். அடுப்பிலை சட்டி கிடக்க எவன் வெளியிலை போவான்?"

விளக்கு பச்சையானது. போனைத் தலைக்கு மேல் பிடித்தேன். தடத்தில் உரசுகிற இரைச்சல் வரவரப் பெருத்து, விளிம்பில் சட்டென்று அறுந்தது. பிறகு என் தலைக்கு நேரே, கடையில் புதுத்துணியை ஒரே இழுவையில் கிழிக்கிற மாதிரி ஒரு சத்தம். அவ்வளவுதான், சரிவுக்குக் கீழே மறைந்துவிட்டான். கீழேயிருந்து 'ஓ' என்று ஒரு பெருமூச்சு, அதன்பிறகு நிற்காத கைதட்டல். காவலாளி கையிலிருந்த ரேடியோவைக் கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினான். நாளைப் போட்டிக்கு நெடுவல் இல்லை.

"கேட்டதோ மச்சான்?"

"கேட்டது. சீலை கிழிஞ்ச மாதிரி. தோத்திட்டானோ?"

"தோத்திட்டான்."

"அப்ப இண்டைக்குப் பாத்திரம் எங்கடை."

போகிறவர்களுக்கு: இறங்குவதைப் பார்க்கக் கீழே நில்லுங்கோ. பறப்பதைக் கேட்கக் காட்டுப் பக்கம் ஏறுங்கோ, வழுக்காத சப்பாத்தோடு. காற்றுக்குப் பொறுமை வேண்டும்.

எதிர்ப்பக்கத்துச் செல்லத்துரை அண்ணையும் குகனும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். கழுவுங்கோடா என்று சொல்ல இனி ஆளில்லை. என்னோடு நின்று கழுவ மிச்சம் இருப்பது கூட்டாளி யேசுதாசன்.