கூரைக்கு எடுத்த அளவு

குடியிருந்த தெருவிலெல்லாம் அவளை எல்லோரும் டெய்லரம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். பதினாறு வயதில் ஒரு துணித் தொழிற்சாலையில் சேர்ந்து, பதினோரு வருஷம் காலர் மட்டுமே தைத்தவள். சட்டையின் மீதிப் பாகமெல்லாம் வேறு வேறு மேசைகளில் நடக்கும். பிறகு சொந்தமாக ஒரு மிஷின் வாங்கி, வாடகை வீட்டின் முன்னறையில் போட்டுக்கொண்டாள். அப்புறம் ஏழு வீடு மாறியாயிற்று. ஒவ்வொரு தடவையும் மிஷினைத் தூக்கி இறக்கியவன் அவள் கணவன். பஸ் டிரைவர், போதாததற்கு இடுப்புவலிக்காரன்.

"அடுத்த தடவை இதை நான் தூக்கினா அது நம்ம சொந்த வீட்டுக்குத்தான்" என்று ஒருநாள் முதுகைப் பிடித்துக்கொண்டே சொன்னான்.

சும்மா சொல்லவில்லை. ஊருக்கு வெளியே ஒரு துண்டு நிலம் வாங்கி, லீவு நாட்களில் இருவருமாகக் கட்டினார்கள். சுவருக்கு மட்டும் கொத்தனார் வந்தார், அவருக்குச் சித்தாள் அவள்தான். மரச்சட்டம் அடித்ததும் தகரம் வேய்ந்ததும் அவன், கீழிருந்து எடுத்துக் கொடுத்தது அவள். மூன்று வருஷம் பிடித்தது. கூரை ஏறிய மறுநாள் உச்சிவெயிலில் உள்ளே போய் நின்றார்கள். ஐந்து நிமிஷம் தாக்குப்பிடிக்க முடியவில்லை.

"இங்க உட்கார்ந்து தைச்சா துணிக்கு இஸ்திரியே வேண்டாம்" என்றாள் அவள்.

கட்டடச் சாமான் கடைக்காரர்தான் வழி சொன்னார். தகரத்துக்குக் கீழே, சட்டங்களுக்கு நடுவில் கண்ணாடிப் பஞ்சை, அதாவது கண்ணாடி இழையால் மெத்தைபோலச் செய்த பஞ்சை வைத்து, அதன் அடியில் பலகை அடித்து மூட வேண்டும். "ஒண்ணே ஒண்ணு, பஞ்சை அமுக்கிடாதீங்க. அதுக்குள்ள இருக்கிற காத்துதான் சூட்டைத் தடுக்குது" என்றார்.

டிரைவர் ஏணியில் ஏறினான். சட்டத்துக்குச் சட்டம் இரண்டடி என்று மனப்பாடமாக வைத்திருந்ததால் பஞ்சையும் இரண்டடிக்கே அறுத்தான். வைத்தான். நின்றது. இரண்டாவது துண்டை எடுக்கத் திரும்பியபோது முதல் துண்டு அவன் தலைமேல் வந்து உட்கார்ந்துகொண்டது. மூன்று முறை வைத்தான், மூன்று முறையும் அதே கதை. நான்காவது தடவை இரண்டு துண்டைச் சேர்த்துத் திணிக்கப் பார்த்தான்.

"கடைக்காரர் என்ன சொன்னாரு? நீங்க இறங்குங்க" என்றாள்.

டேப்பை எடுத்துக்கொண்டு அவள் ஏறினாள். ஒவ்வொரு சந்தாக அளந்து உரக்கச் சொன்னாள். இருபத்து மூணேகால் அங்குலம். இருபத்து நாலரை. இருபத்து நாலேமுக்கால். ஒன்றாவது இன்னொன்றைப் போல இல்லை. கீழே நின்றவன் முகம் சுருங்கிவிட்டது.

"எல்லாம் ஒரே அளவுன்னுதான் அடிச்சேன்."

"அதுக்கென்ன இப்போ? என்கிட்ட வர்றவங்க மட்டும் ஒரே அளவுலயா வர்றாங்க?"

சட்டை அளவு எழுதும் நோட்டிலேயே எல்லாச் சந்தின் அளவையும் எழுதிக்கொண்டாள். துணியில் தையலுக்கு விடுவதுபோல, இதில் பிடிமானத்துக்கு முக்கால் அங்குலம் கூட்டி, பலகை ஓரமாக நீளக் கத்தியை வைத்து அறுத்தாள். அந்தத் துண்டு சந்தில் கச்சிதமாகப் போய் உட்கார்ந்தது. கையை எடுத்துவிட்டு இருவரும் அண்ணாந்து பார்த்தார்கள். விழவில்லை. "அட!" என்றான் அவன், ரோஷத்தையெல்லாம் மறந்து.

அன்று மாலை இருவருக்கும் கை, கழுத்தெல்லாம் ஒரே அரிப்பு. பஞ்சின் தூள் நுழையாத இடமில்லை. அடுத்த லீவுக்குள் பழைய பூப்போட்ட படுக்கை விரிப்புகளை வெட்டி, தலைக்கு முக்காடும் மணிக்கட்டுக்கு எலாஸ்டிக்கும் வைத்து இரண்டு அங்கி தைத்துவிட்டாள். ஏணி பிடிக்க வந்த நாத்தனார், அண்ணன் கோலத்தைப் பார்த்துச் சிரித்துச் சிரித்து ஏணியை விட்டுவிட்டாள்.

"அண்ணா, இதே டிரெஸ்ல பஸ் ஓட்டு. பயந்துக்கிட்டு ஒருத்தரும் டிக்கெட் இல்லாம ஏற மாட்டாங்க."

"முதல்ல ஏணியைப் பிடி. நான் விழுந்தா உன் மேலதான் விழுவேன்."

"அண்ணி, ஒரு பாக்கெட் வெச்சிருக்கலாம்ல? பேனா எங்க வெப்பாரு?"

நான்கு லீவு நாட்கள் இப்படியே போயின. கடைசிப் பலகைக்கு ஆணி அடிக்கும் வாய்ப்பை அவன் அவளுக்குக் கொடுத்தான். முதல் அடி ஆணியில், இரண்டாவது கட்டைவிரலில். விரலை வாயில் வைத்துக்கொண்டே மீதியை அடித்து முடித்தாள். இறங்கி வந்து அறைக்கு அறை நடந்து பார்த்தாள். சுவர், சட்டம், பஞ்சு, பலகை, எல்லாவற்றிலும் தன் கை பட்டிருக்கிறது என்று நினைத்தபோது கொஞ்சம் கர்வமாகத்தான் இருந்தது.

கதவுக்குப் பெயின்ட் அடிக்கும்வரை கூடக் காத்திருக்கவில்லை. மிஷினோடு குடிவந்துவிட்டார்கள். முதல் வாரமே, நல்ல வெயிலில் ஒரு வாடிக்கைக்காரி குடையை மடக்கிக்கொண்டு உள்ளே வந்தாள். வந்தவள் அப்படியே நின்று சுற்றுமுற்றும் பார்த்தாள்.

"ஜில்லுன்னு இருக்கே, ஏசி போட்டிருக்கீங்களா?"

"கையைத் தூக்குங்க" என்றாள் டெய்லரம்மா, டேப்பை விரித்தபடி.

மூலையில் பாய் விரித்துப் பகல் தூக்கம் போட்டுக்கொண்டிருந்த டிரைவர் கண்ணைத் திறக்காமலே பதில் சொன்னான். "ஆமாங்க. பஞ்சு ஏசி. கரண்ட் பில்லே வராது."