கதவில் பெயர் வேண்டாம் என்ற நர்ஸம்மா

உறவுக்காரர் வீட்டு விசேஷத்துக்காகச் சேலத்திலிருந்து வந்து ஆட்டையாம்பட்டி பஸ் நிறுத்தத்தில் இறங்கியபோது அந்தச் சுவரொட்டியைப் பார்த்தேன். கறுப்புக் கட்டத்துக்குள், கை கூப்பியபடி எங்கள் ஊர் நற்பணி மன்றத் தலைவரின் பெரிய படம். அவர்தான் போய்விட்டார் என்று நினைத்தேன். பெரிதாக வருத்தம் ஏதும் வரவில்லை என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். கிட்டே போய்ப் பார்த்தால் மேல் மூலையில் தபால்தலை அளவுக்கு இன்னொரு முகம். பழனியம்மாள் அக்கா. அவருக்குக் கீழே, ஆறாத் துயரில் ஆழ்ந்தவர்கள் எல்லாரும் பட்டம் பதவியோடு வரிசையாக நின்றார்கள். அக்கா இறந்த செய்தி எனக்கு இப்படித்தான் வந்து சேர்ந்தது. அன்றே அடக்கம்; விசேஷத்தை விட்டுவிட்டு அங்கே போனேன்.

அவரை அறிந்த உங்களுக்கு நான் அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. அறியாதவர்களுக்காக: அவர் ஆஸ்பத்திரி நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். எழுபதுகளின் கடைசியில், தறிக்குப் போகும் பெண்களின் பிள்ளைகளுக்காக ஒரு பழைய நூல் கிடங்கில் மாலை நேரக் காப்பகம் நடத்தினார். பள்ளிக்கூடம் விட்டதும் பிள்ளைகள் வருவார்கள், தறி நின்று அம்மாமார் வரும்வரை இருப்பார்கள். அப்போது அவ்வூர்ப் பள்ளியில் ஆசிரியையாக இருந்த நான் மாலைகளில் கூடமாட இருப்பேன். நடக்க முடியாத பிள்ளை, பேச்சு வராத பிள்ளை, மற்ற பிள்ளை என்று அங்கே தனித்தனிப் பாய் கிடையாது. எல்லாரும் ஒரே வட்டமாக உட்கார்ந்துதான் பொரிகடலை தின்றார்கள்.

இது சிலருக்கு ஆகவில்லை. எண்ணெய்க் கடைக்காரர் மனைவி ஒருநாள் வந்து, அந்தப் பிள்ளைகளை ஓரமாக வைக்க முடியுமா, பார்த்துப் பார்த்துத் தன் பையனுக்கும் அப்படி ஆகிவிடுமோ என்று பயமாக இருக்கிறது என்றார். படித்த அம்மாள். வீட்டில் வாரப் பத்திரிகை இரண்டு வாங்குவார்கள்.

"ஓரமா வெக்கலாமுங்க," என்றார் அக்கா. "உங்க பையனத்தான் வெக்கோணும். ஒதுங்கோணும்னு ஆசப்படறது நீங்கதானுங்களே."

அந்த அம்மாள் பையனை இழுத்துக்கொண்டு போய்விட்டார். கொஞ்ச நாளில் பையனே தனியாக ஓடி வந்து வட்டத்தில் உட்கார்ந்துகொண்டான். அக்கா அவனை ஒன்றும் கேட்கவில்லை, கையில் பொரியைக் கொடுத்தார்.

அங்கே ஒரு சிறுமி இருந்தாள். அவளுக்குத் தினமும் சாயங்காலம் கதவு அடைத்த ஓர் இடம் வேண்டியிருந்தது. எதற்கு என்பது அவளுக்கும் அவள் அம்மாவுக்கும் எங்களுக்கும் தெரிந்தால் போதும். கிடங்கின் பின்பக்கம் ஓர் அறை இருந்தது, கதவுதான் இல்லை. ஒரு பழைய சேலையைக் கட்டிவைத்திருந்தோம். காற்றடித்தால் சேலை விலகும். அவள் இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டு நிற்பாள், அப்புறம் அவளுக்கு மற்ற வேலைக்குக் கை ஏது?

கதவு வேண்டும் என்பது மன்றத்தின் காதுக்குப் போயிற்று. நம் பக்கத்துப் பெரிய மனிதர்களின் தர்மம் எப்படிப்பட்டது என்று உங்களுக்குத் தெரியும். சொம்பு கொடுத்தால் சொம்பில் பெயர், பாய் கொடுத்தால் பாயில் பெயர். டியூப்லைட் உபயம் செய்தால் வெளிச்சம் வருகிறதோ இல்லையோ, அதில் எழுதிய முதலாளி பெயர் தெரியும். தலைவர் போர்வெல் போடும் ரிக் வண்டிகள் வைத்திருந்தவர். ஊர் ஊராகப் போய்ப் பூமியைத் துளைத்துச் சம்பாதித்தவருக்கு ஒரு கதவு பெரிய விஷயமில்லை. ஆனால் அதற்கு ஒரு விழா வேண்டும் என்றார். கதவில் பெயர் வேண்டும் என்றார்.

"அது கொழந்தைக துணி மாத்தற எடமுங்க. கதவுல பேரு வேண்டாங்க," என்றார் அக்கா.

"பேரில்லாட்டி யார் குடுத்ததுன்னு எப்படிங்க தெரியும்?" என்று உண்மையாகவே குழம்பிப்போய்க் கேட்டார் தலைவர். அந்த முகத்தை நான் மறக்கவில்லை. பெயரில்லாமல் ஒரு பொருளைக் கொடுப்பது என்றால் அவருக்கு அது தொலைத்ததற்குச் சமம்.

கடைசியில் பெயருக்கும் விழாவுக்கும் அக்கா ஒத்துக்கொண்டார். சேலை அப்படி விலகிக்கொண்டிருந்தது. ஒரே ஒரு நிபந்தனை: எந்தப் பிள்ளையையும் மேடைக்குக் கூப்பிடக் கூடாது. மன்றச் செயலாளர் தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

விழாவன்று கதவை மாட்டி, தெருமுனை வரை ஒலிபெருக்கி கட்டினார்கள். பின்னறைக் கதவு ஒன்றுக்கு ரிப்பன், ரோஜா மாலை, மேடையில் ஏழெட்டு நாற்காலி. அக்கா உள்ளே பிள்ளைகளுக்குக் காப்பி ஆற்றிக்கொண்டிருந்த நேரத்தில், செயலாளர் அந்தச் சிறுமியை நைசாகக் கூட்டிப்போய் மேடையில் நிறுத்திவிட்டார். தலைவர் அவள் தோளில் கையைப் போட்டுக்கொண்டு மைக்கில் ஆரம்பித்தார். அவள் பெயர், அப்பா பெயர், எந்தத் தெரு, அவளுக்கு என்ன, அதனால் தினமும் அவள் படும் பாடு என்ன, எல்லாம். குரல் தழுதழுத்தது. கூட்டத்தில் உச்சுக்கொட்டினார்கள். தெருவில் இரண்டு மூன்று தறிச் சத்தம் நின்றது, கேட்பதற்காக. படம் எடுப்பவர் அவளை நிமிர்ந்து பார்க்கச் சொன்னார். அவள் பாவாடையைப் பிடித்துக்கொண்டு குனிந்தே நின்றாள்.

அக்கா மேடைக்கு வந்தார். முதலில் சிறுமியை என் கையில் பிடித்துக் கொடுத்தார். பிறகு மைக்கை வாங்கினார்.

"தலைவர் ஒரு கொழந்தையப் பத்தி வெவரமா சொன்னாருங்க. ரொம்ப நல்லதுங்க. எல்லாரையும் ஒண்ணா நடத்தோணும்னு மன்றத்துல அடிக்கடி பேசறாங்க. அதனால மேடையில இருக்கறவங்களப் பத்தியும் வெவரமா சொல்லீர்றனுங்க. இத்தன வருசமா ஆஸ்பத்திரில எல்லாரையும் பாத்தவ நானு. யாருக்கு எங்க என்ன, எனக்குத் தெரியுமுங்க. இடது கைப் பக்கமிருந்து ஆரம்பிக்கட்டுங்களா?"

இடது கைப் பக்கம் உட்கார்ந்திருந்த மிராசுதாரர் எழுந்துவிட்டார். வண்டி நேரமாகிவிட்டதாம். அடுத்தவருக்குத் திடீரென்று இருமல். தலைவர் மாலையைக் கழற்றி நாற்காலியில் வைத்தார், துண்டால் முகத்தைத் துடைத்தார், இறங்கிப் போனார். ரிப்பன் வெட்டப்படவேயில்லை. ஊர்ப் பெரிய மனிதர்கள் அவ்வளவு வேகமாக நடந்து நான் அதற்கு முன்னும் பின்னும் பார்த்ததில்லை.

மறுநாள் மன்றத்து ஆட்கள் வந்து கதவைக் கழற்றிக்கொண்டு போனார்கள். கீல்களையும்கூட விடவில்லை. கொடை வள்ளல் என்ற சொல்லை இன்றைக்கும் எங்கே பார்த்தாலும் எனக்கு அந்த நாலு ஆணி ஓட்டைகள் ஞாபகத்துக்கு வருகின்றன.

அன்று மாலை நான் அக்காவிடம் கேட்டேன்: "நெஜமாவே சொல்லியிருப்பீங்களாக்கா?"

"பைத்தியமா அம்மிணி உனக்கு? அவிய என்ன நம்பிக் காட்டுன ஒடம்பு அது. செத்தாலும் வாயத் தொறக்க மாட்டேன். அவிய என் எடத்துல இருந்தா சொல்லியிருப்பாங்க. அதனால நானும் சொல்லிருவேன்னு பயந்துட்டாங்க. அவ்வளவுதான்."

இதில் எனக்கு வெற்றி என்று சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. அந்தச் சிறுமி மறுநாளிலிருந்து வரவில்லை. கடைத்தெருவில் போகிறவர் வருகிறவரெல்லாம் அவள் அம்மாவை நிறுத்தி, "இப்பப் பரவால்லீங்களா?" என்று விசாரித்தார்களாம். இரக்கம் என்று நினைத்துக்கொண்டு அவர்கள் செய்த காரியம் இது. அந்த அம்மா பிள்ளையை வீட்டுக்குள் வைத்துப் பூட்டிவிட்டுத் தறிக்குப் போனாள். எனக்கு அழுகை வந்தது. அக்கா என்னைத் திட்டினார். "நீ அழுது அவளுக்கு என்ன ஆகுது? போயி ஆசாரியக் கூட்டியா."

தச்சரைக் கூட்டிவந்தேன். அக்கா தன் வீட்டுக்கு அழைத்துப் போய், தான் படுக்கும் அறையின் கதவைக் கழற்றச் சொன்னார். "எங்கூட்டுல நா ஒருத்தி. எனக்கென்ன மறைக்கறதுக்கு இருக்குது?" அந்தக் கதவைக் கிடங்கின் பின்னறையில் மாட்டினோம். உள்பக்கத் தாழ்ப்பாளைச் சிறுமியின் கைக்கு எட்டும் உயரத்தில் வைக்கச் சொன்னார். அப்புறம் அவள் வீட்டுக்குப் போனார். மூடிய வீட்டுக்கு வெளியே நின்றபடியே, "சாமி, கதவு மாட்டியாச்சு. தாப்பா உன்ற கையில. உனக்குத் தோணும்போது வா," என்று சொல்லிவிட்டுத் திரும்பினார். ஜன்னல் வழியாக எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அடுத்த வாரம் அவளே அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்தாள்.

இப்போது அந்த மன்றத்துக்காரர்கள் அக்காவுக்கு இரங்கல் கூட்டம் நடத்தப்போகிறார்கள். செயலாளர் மாறவில்லை, வயிறுதான் கொஞ்சம் கூடியிருக்கிறது. சேலம் ஃபேர்லேண்ட்ஸில் என் வீட்டைத் தேடி வந்தார். அந்தப் பெண் இப்போது எங்கே இருக்கிறாள், விலாசம் வேண்டும், அக்காவால் பயன் பெற்றவர் என்று மேடையில் நிறுத்தி நாலு வார்த்தை பேசவைத்தால் உருக்கமாக இருக்கும் என்றார். எனக்குத் தெரியாது என்றேன். முந்தின வாரம்தான் அவள் அக்காவின் அடக்கத்தன்று என் பக்கத்தில் நின்றிருந்தாள். பொய் சொன்னதற்கு வெட்கப்படவில்லை. அவர் அதோடு விடவில்லை. சரி, கூட்டத்தில் கொடுக்கும் நினைவு மலருக்கு நீங்களாவது எழுதிக் கொடுங்கள், அந்தப் பெண்ணின் கதையை விளக்கமாக எழுதுங்கள், படிக்கிறவர்கள் கண்ணில் தண்ணீர் வர வேண்டும் என்றார்.

எழுதிவிட்டேன். அவள் பெயர் இதில் இல்லை. அவளுக்கு என்ன என்பது இதில் இல்லை. இப்போது என்ன வேலை செய்கிறாள், கல்யாணம் ஆயிற்றா, நன்றாக நடமாடுகிறாளா, எதுவும் இல்லை. அதைத் தெரிந்துகொள்ளத்தான் இதுவரை படித்துக்கொண்டு வந்தீர்கள் என்றால் அதற்கு நான் ஒன்றும் செய்வதற்கில்லை. பழனியம்மாள் அக்காவிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்டது இதை மட்டும்தான்.